மரமெல்லாம் கீரை மசியல்: கேம் வீடியோ ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் உறவுக்காரப் பையன் தன் முதல் வீடியோவின் லிங்கை அனுப்பி, "அண்ணா, எப்படி இருக்கு?" என்று கேட்டான். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற வண்டி ஓட்டும் கேமில் நம் ஊர் பஸ் மாட் (ரசிகர்கள் செய்யும் கூடுதல் ஃபைல்) ஒன்றைப் போட்டு ஓட்டியிருந்தான். நன்றாகத்தான் ஓட்டினான். ஆனால் சாலையோர மரங்கள் எல்லாம் கடைந்த கீரை மாதிரி இருந்தன. என் பழைய வீடியோக்களும் அச்சு அசல் இப்படித்தான்.

மைக்கை ஆன் செய்ய மறப்பது, டிஸ்க் நிறைந்துபோவது போன்றவற்றை ஒருமுறை பட்டால் தானாகக் கற்றுக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

1080பி-யில் எடுத்ததை 1080பி-யிலேயே ஏற்றுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. படம் மசமசவென்று இருக்கிறதே என்று பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா அளவைக் கூட்டினேன். 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), 50, கடைசியில் 100. ஃபைல் பூதம் மாதிரி வீங்கியது. இரவெல்லாம் அப்லோட் ஓடியது. கீரை அப்படியே. சரி, கார்டுதான் மட்டம் என்று கடன் வாங்கிப் புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். அப்போதும் கீரைதான்.

கோளாறு என் கணினியில் இல்லவே இல்லை. நாம் ஏற்றும் ஃபைலை யூடியூப் அப்படியே காட்டுவதில்லை. தன் பங்குக்கு மறுபடி சுருக்குகிறது. சின்ன சேனலின் 1080பி வீடியோவுக்குப் பெரும்பாலும் பழைய ஹெச்.264 கோடெக்கைத்தான் (வீடியோவைச் சுருக்கும் முறை), அதுவும் கஞ்சத்தனமான பிட்ரேட்டில் கொடுக்கும். ஒருவர் உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு அது போதும். கேமில் நொடிக்கு 60 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் ஆயிரம் இலைகள் இடம் மாறுகின்றன. கொடுத்த பிட் பற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்து மசித்துவிடுகிறது.

1440பி அல்லது அதற்கு மேல் ஏற்றினால் அதைவிடத் திறமையான விபி9 கோடெக் கிடைக்கும். ஆகவே 1080பி-யில் ஆடுங்கள், அதிலேயே பதிவு செய்யுங்கள். எடிட்டரிலிருந்து வெளியே எடுக்கும்போது மட்டும் 2560×1440 என்று வையுங்கள். 60 ஃப்ரேமுக்கு யூடியூப் சொல்லும் அளவு 24 எம்பிபிஎஸ். நான் 40 வைக்கிறேன். பெரிதாக்குவதால் படத்தில் புதிதாக ஒன்றும் முளைக்காது. வேறு வரிசையில் போய் நிற்கிறது, அவ்வளவுதான். பார்ப்பவர் 1080பி-யைத் தேர்ந்தெடுத்தாலும் அவருக்கும் விபி9 வரும். சந்தேகமா? கணினியில் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து, கோடெக் வரியைப் பாருங்கள். ஏவிசி1 என்றிருந்தால் பழையது, விபி09 என்றிருந்தால் நல்லது.

ஏற்றிய பிறகு அதே லிங்கில் ஃபைலை மாற்ற யூடியூப் விடாது என்பதுதான் இதில் பெரிய வயிற்றெரிச்சல். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் வியூ, கமெண்ட் எல்லாம் போச்சு. என் நாற்பது வீடியோக்கள் இன்றும் கீரையாகவே கிடக்கின்றன.

பதிவு மென்பொருளான ஓபிஎஸ் போட்டுத் தந்த செட்டிங்கை நம்புவது

அவுட்புட் ரெசல்யூஷன் 1280×720 என்று இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் ரெக்கார்டிங் தரம் 'ஸ்ட்ரீமுக்கு உள்ளதே' என்று இருந்தால் மாற்றுங்கள். ஸ்ட்ரீமுக்கு இணைய வேகம் தடை, பதிவுக்கு அந்தத் தடை இல்லையே. என்விடியா கார்டு என்றால் அதன் என்வென்க் என்கோடரைத் தேர்ந்தெடுத்து, சிக்யூபி என்ற தர எண்ணை 18 முதல் 20 வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கூடும், ஃபைலும் பெருக்கும்.

நேரடியாக எம்பி4-இல் பதிவது

நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 திறக்காது. எம்கேவி என்றால் அதுவரை பதிந்ததாவது மிஞ்சும். முடிந்ததும் ஓபிஎஸ்-ஸிலேயே ரீமக்ஸ் செய்து (மறுபடி சுருக்காமல் ஃபைல் வகையை மட்டும் மாற்றி) எம்பி4 ஆக்கலாம். தரம் துளியும் குறையாது. புதிய பதிப்புகளின் ஹைப்ரிட் எம்பி4-க்கு இந்தப் பயம் இல்லை.

எடிட் செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவது

கூடவே கூடாது. அதுவும் வீடியோவைச் சுருக்கிவிடும்.

ஏற்றிய கையோடு வெளியிடுவது

முதலில் 360பி மட்டும்தான் தயாராகும். பெரிய அளவுகள் வர நேரம் பிடிக்கும். பிரைவேட்டில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள். 1440பி வந்ததும் திறந்துவிடுங்கள்.

பையனிடம் அந்த வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லியிருக்கிறேன். 63 வியூ போய்விடுமே என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.