முதலில் 'ண' வரையுங்கள்: கையால் ஒரு அவுட்லைன் எழுத்துரு

பிறந்தநாள் அட்டைக்கும் ஜூஸ் கடைப் பலகைக்கும் பொருந்துகிற மாதிரி, வயிறு வெறுமையாகவும் ஓரக்கோடு மட்டும் கொஞ்சம் கோணலாகவும் இருக்கும் எழுத்துரு ஒன்றை நாமே செய்யலாம். ஒரு ஏ4 தாள் கட்டு, பென்சில், 0.8 மி.மீ. கறுப்பு பேனா, ஸ்கேனர் இருந்தால் போதும். மென்பொருள்கள் இரண்டும் இலவசம்தான்: படத்தைக் கோடுகளாக்க இங்க்ஸ்கேப், எழுத்துருவைத் தயாரிக்க ஃபான்ட்ஃபோர்ஜ்.

எல்லாரும் 'அ'வில் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ட, ப, ம எல்லாம் கொழுகொழுவென்று வந்தன, மூன்றுசுழி 'ண'வுக்கு வந்தபோது சுழிக்குள் கோடு போக இடமே இல்லை, அத்தனையையும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி வரைந்தேன். அதனால் 'ண'வை முதலில் வரையுங்கள். 7 செ.மீ. கட்டத்துக்குள் பென்சிலால் ஒற்றைக் கோட்டில் எழுதி, அதன் இருபுறமும் 3 மி.மீ. தள்ளிப் பேனாவால் சுற்றி வாருங்கள், காய்ந்ததும் பென்சிலை அழித்துவிடலாம். சுழிக்குள் வெளிச்சம் தெரிகிறதா? அப்படியென்றால் அந்தத் தடிமன்தான் மற்ற எழுத்துகளுக்கும். கை நடுங்கினால் நடுங்கட்டும், அழகே அதில்தான் இருக்கிறது.

247 எழுத்தையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, அப்புறம் தனியாக நிற்கும் ா, ெ, ே, ை, புள்ளி. உகர, ஊகார வரிசைகள் 36-ஐயும் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும், கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. கி, கீ வரிசைகளில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சாதாரண எழுத்துருவில் மேல்விலங்கை (ி, ீ குறிகளை) 'க' மேல் ஒட்டினால் கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும், அவுட்லைனில் கோடும் கோடும் குறுக்கே வெட்டிக்கொண்டு பல்லிளிக்கும். அதனால் இந்த இரண்டு வரிசைகளின் 36-ஐயும் முழுசாக வரைந்துவிடுங்கள், சோம்பலாக இருந்தால் மேல்விலங்குக்கும் எழுத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுங்கள், விளையாட்டு எழுத்துதானே.

300 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பில் படத்தைக் கோடுகளாக மாற்றும் 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் தனி எஸ்விஜி (கோட்டுப்பட) கோப்பாகச் சேமியுங்கள். ஃபான்ட்ஃபோர்ஜில் அந்தந்த எழுத்தின் யூனிகோட் எண்ணுக்கான கட்டத்தைத் திறந்து (க என்றால் 0B95) இம்போர்ட் செய்யுங்கள். வெறுமையாக இருக்க வேண்டிய வயிறு கறுப்பாக நிரம்பிவிட்டதா? வெளிக்கோடும் உள்கோடும் ஒரே திசையில் சுற்றுகின்றன என்று அர்த்தம், 'கரெக்ட் டைரக்‌ஷன்' அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கி, கு போன்றவற்றுக்கு யூனிகோடில் தனி இடம் கிடையாது, அதனால் க-வும் ு-வும் சேர்ந்தால் இந்தப் படம் வரட்டும் என்று லிகேச்சர் விதி எழுத வேண்டும். சலிப்பான வேலை, பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கணினியில் நிறுவக்கூடிய டிடிஎஃப் எழுத்துருக் கோப்பாக எடுத்ததும் 'கிண்ணம்', 'கூண்டு' என்று தட்டிப் பாருங்கள். 12 புள்ளி அளவில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இது தலைப்புக்கான எழுத்து, பெரிதாகவே வையுங்கள். இன்னொரு வேலையும் செய்யலாம்: கோப்பை நகலெடுத்து, வெறுமையைச் சுற்றியிருக்கும் கோடுகளை மட்டும் நீக்கினால் நிரம்பிய எழுத்து கிடைக்கும். அதை மஞ்சளில் கீழே போட்டு, அவுட்லைனை மேலே ஒரு நூல் தள்ளி வைத்தேன், நிறம் கோட்டைத் தாண்டிய பழைய லித்தோ (கல்லச்சு) போஸ்டர் மாதிரியே வந்தது.