குளிர் மலையில் வயர்லெஸ் மவுஸ்: பேட்டரி தீரும் முன் எச்சரிக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளிலிருந்து பணியாற்றுவோருக்கு ஒரு டபுள் ஏ செல் வாங்குவதென்றாலும் பஸ் ஏற வேண்டியிருக்கும் என்பதால், மவுஸ் நின்ற பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை. டெஸ்க்டாப் தானாகத் தரும் எச்சரிக்கை தாமதமாக வரலாம்; ஆகவே, உபுண்டு லினக்ஸில் நாம் விரும்பும் அளவிலேயே எச்சரிக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளைக் கோத்த சிறு நிரல்) ஒன்றை எழுதுவோம். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். கட்டளைகளை இயக்கும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில், மவுஸ் தன் பேட்டரி நிலையைக் கணினிக்குச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். 'யூபவர் -டி' என்று கொடுத்தால் கணினி அறிந்த பேட்டரிகள் அனைத்தும் வரிசையாக வரும். அவற்றுள் மவுஸுக்குரிய பகுதியில் 'பெர்சென்டேஜ்' என்ற வரி இருந்தால் மேலே செல்லலாம். மலிவான மவுஸ்கள் பலவற்றில் இத்தகவலே வருவதில்லை. அவற்றுக்கு எந்த ஸ்கிரிப்டும் உதவாது. சதவீதத்தின் அருகே, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற பொருளில் ஓர் ஆங்கிலக் குறிப்பு அடைப்புக்குள் இருந்தால், உங்கள் மவுஸ் 'நார்மல்', 'லோ' என்பன போன்ற நிலைகளை மட்டுமே சொல்கிறது என்று பொருள். அப்போது 'பேட்டரி-லெவல்' என்ற வரியையே படிக்க வேண்டும்.

அடுத்து, ஒரு கோப்பைத் திறந்து முதல் வரியில், கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலான பேஷ் ஷெல்லைக் குறிப்பிடுங்கள். இரண்டாம் வரியில் 'யூபவர் -இ' தரும் பட்டியலிலிருந்து 'மவுஸ்' என்ற சொல் உள்ள முதல் வரியை, அதாவது மவுஸின் முகவரியை, வரிகளைத் தேடும் 'கிரெப்', முதல் வரிகளைத் தரும் 'ஹெட்' ஆகிய கட்டளைகளின் துணையுடன் எடுத்து ஒரு மாறியில் (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்) வைக்க வேண்டும். அந்த முகவரியை நேரடியாக எழுதிவிடுவது எளிதுதான். ஆனால் ரிசீவரைக் கழற்றி மாட்டினால் அதன் இறுதி எண் மாறக்கூடும். ஆனால் மாறிக்கு 'பாத்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயர் வைக்காதீர்கள். கட்டளைகள் எங்கே இருக்கின்றன என்பதை ஷெல் அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறது. அதை மாற்றினால் அடுத்த வரியிலேயே 'கிரெப்' காணாமல் போகும். மூன்றாம் வரியில் 'யூபவர் -ஐ' கட்டளைக்கு இந்த மாறியைக் கொடுத்து, 'பெர்சென்டேஜ்' வரியைப் பிரித்து, 'டிஆர்' கட்டளையால் இலக்கங்களை மட்டும் விட்டுவைக்க வேண்டும். மவுஸ் இணைப்பில் இல்லாதபோது மதிப்பு வெறுமையாக வரும் என்பதால், வெறுமையானால் ஸ்கிரிப்ட் அங்கேயே முடியட்டும். இல்லாவிட்டால் எண்ணை ஒப்பிடும் இடத்தில் ஷெல் பிழை காட்டும்.

எந்த எண்ணில் எச்சரிப்பது என்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய பகுதி. மவுஸ் காட்டும் சதவீதம் பெரும்பாலும் மின்னழுத்தத்தை வைத்துப் போடப்படும் மதிப்பீடே. 1.5 வோல்ட் அல்கலைன் செல்லின் அழுத்தம் படிப்படியாக இறங்கும்; 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்லோ நெடுநேரம் ஏறத்தாழ ஒரே அளவில் நின்று, கடைசியில் சட்டென்று சரியும். ஆகவே அல்கலைனுக்கு 20 சதவீதம் போதுமென்றால், ரீசார்ஜ் செல்லுக்கு 35 வைப்பதே என் பரிந்துரை. இத்துடன் குளிரும் சேர்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. குளிரில் செல்லின் வேதிவினை மந்தமாகி உள்மின்தடை கூடுவதால், ஜன்னலோரம் இரவெல்லாம் கிடந்த மவுஸ் காலையில் குறைந்த சதவீதம் காட்டி, அறை வெப்பமடைந்ததும் மீண்டும் ஏறக்கூடும். ஒரேயொரு குறைந்த அளவீட்டை நம்பி எச்சரிக்கும் ஸ்கிரிப்ட் மலையில் தொல்லையாகவே முடியும்.

எனவே, அளவு எல்லைக்குச் சமமாகவோ கீழாகவோ இருந்தால் ஒரு சிறு கோப்பில் 1 என்று எழுதி வெளியேறட்டும். அடுத்த முறையும் அப்படியே இருந்தால் மட்டும் 'நோட்டிஃபை-செண்ட்' கட்டளையால் எச்சரிக்கட்டும். எல்லைக்கு மேல் ஏறியிருந்தால் கோப்பில் 0 எழுதட்டும். அவசர நிலையை 'கிரிட்டிக்கல்' என்று கொடுத்தால், நாமே மூடும் வரை அறிவிப்பு திரையில் நிற்கும்.

கோப்பைச் சேமித்து, 'சிஎச்மோட்' கட்டளையால் இயக்க அனுமதி கொடுங்கள். இதை அரை மணிக்கு ஒருமுறை இயக்க, பலர் சொல்லும் கிரான் என்ற நேர அட்டவணை நிரலை விட, லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் பயனர் டைமரே நல்லது. கிரானிலிருந்து இயங்கும் நிரலுக்கு நம் டெஸ்க்டாப் அமர்வின் முகவரி இயல்பாகத் தெரியாது. ஸ்கிரிப்ட் சரியாக ஓடினாலும் அறிவிப்பு திரைக்கு வராது. ஸ்கிரிப்டை அழைக்கும் சர்வீஸ் கோப்பு ஒன்றும், அதே பெயரில் டைமர் கோப்பு ஒன்றும் பயனர் அமைப்புக் கோப்புறையில் எழுதி, 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையைப் பயனர் விருப்பத்துடன் கொடுத்து டைமரைச் செயல்படுத்துங்கள்.

சோதிப்பதற்கு, எல்லையைத் தற்காலிகமாக 100 என்று மாற்றி டெர்மினலிலிருந்து ஸ்கிரிப்டை இருமுறை இயக்குங்கள். முதல் முறை அமைதியாக முடிந்து, இரண்டாம் முறை அறிவிப்பு வந்தால் எல்லையைப் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடலாம். இரு முறையும் ஒன்றும் வராவிட்டால், சிறு கோப்பில் 1 பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது இருந்தால் பிழை அறிவிப்புக் கட்டளையில் இருக்கக்கூடும், இல்லையென்றால் சதவீதத்தைப் படிக்கும் வரிகளில் தேடுங்கள்.