இளையோர் நாவலை வீடியோ, ஆடியோ என்று வைத்து நடத்தும்போது சறுக்கும் இடங்கள்

புதிதாக வகுப்பெடுக்க வரும் ஆசிரியர்களின் பாடத் திட்டங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலை சில காலமாக என் தலையில் விழுந்திருக்கிறது. இளையோர் நாவல் என்றதும் எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிடுகிறது. டிரெய்லர், பாட்காஸ்ட், காமிக்ஸ், கதாநாயகிக்கு ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் என்று வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். படிக்கும்போதே வகுப்பு எந்த இடத்தில் கையை விட்டுப் போகும் என்று தெரிந்துவிடும், ஏனென்றால் என் காலத்து ஆட்கள் எல்லாரும் செய்து தொலைத்தவைதான் இவை. புரொஜெக்டரைச் சோதியுங்கள், ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா பாருங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், ஒரு தடவை பட்டால் தானாக வந்துவிடும்.

படத்தை முதலில் போட்டுவிடுவது

"ஆர்வத்தைத் தூண்டத்தான்" என்பார்கள். சரி, ஒரு உதாரணம். லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993இல் வந்த நாவல். கதாநாயகன் ஜோனஸ் வாழும் ஊரில் யாருக்கும் நிறம் தெரியாது என்பது நமக்கு ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. பந்து மாதிரி தூக்கிப் போட்ட ஆப்பிளில் ஒரு கணம் ஏதோ மாறுகிறது. என்ன மாறியது என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை, நமக்கும் பிடிபடவில்லை. பல அத்தியாயங்கள் தாண்டித்தான் அது சிவப்பு என்று தெரிகிறது. 2014இல் வந்த படமோ கறுப்பு வெள்ளையிலேயே தொடங்குகிறது, ரகசியம் முதல் நிமிடத்திலேயே போயிற்று. படம் எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது, நிறத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க எழுத்தால் முடியும், கேமராவால் முடியாது. அந்த வித்தியாசம்தான் பாடம். நாவலைப் படித்து முடித்த பிறகு அந்தத் தொடக்கக் காட்சியை மட்டும் இரண்டு நிமிடம் போட்டு, "இதை ஏன் இவர்களால் ஒளித்துவைக்க முடியவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள், பீரியட் போதாது. படத்தை முதலில் பார்த்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

புத்தகத்தைத் திறக்காமலே செய்து முடிக்கக்கூடிய வேலையைக் கொடுப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வரவழைக்கும் தவறு. அதிகம் கெடுப்பதும் இதுதான், செய்பவருக்குக் கெடுத்தது தெரியாது என்பதால்.

ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நாவலுக்கு டிரெய்லர் தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு குழு கொண்டுவந்தது பிரமாதமான வீடியோ: இருட்டுக் காடு, இடி, மெதுவாக நடக்கும் கால்கள், கறுப்புத் திரையில் "ஒரு ரகசியம்", அப்புறம் "ஒரு துரோகம்", அப்புறம் "இனி எதுவும் பழையபடி இருக்காது". வகுப்பே கைதட்டியது, ஆசிரியரும் தட்டினார், முழு மதிப்பெண். வெளியே வரும்போது அந்தக் குழுவில் எடிட்டிங் செய்த பையனிடம், கதையில் துரோகம் செய்தது யார் என்று சும்மா கேட்டேன். செத்துப்போன அண்ணனின் பெயரைச் சொன்னான். அந்த அண்ணன் கதை தொடங்குவதற்கு முன்பே இறந்துவிட்டவன். பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் கேட்டதைச் செய்தான். அந்த மூன்று வாசகங்களையும் எந்த நாவலுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்ட விட்டது நாம்தான்.

அதே வகுப்பில் ஒரு பெண் தனியாகச் செய்திருந்தாள். போனில் பதிவு செய்த குரல், பின்னணியில் மின்விசிறிச் சத்தம், படம் என்று பார்த்தால் கையால் வரைந்த ஒரே ஒரு ஜன்னல். நாவலில் வரும் தங்கை மூன்று இடங்களில் அந்த ஜன்னலைத் திறக்கிறாள், ஒவ்வொரு தடவையும் வெளியே வேறொன்றைப் பார்க்கிறாள் என்று அந்த மூன்று வரிகளையும் அப்படியே வாசித்திருந்தாள். எனக்கு அந்த நாவல் நன்றாகத் தெரியும், இருந்தும் அந்த ஜன்னலை நான் கவனித்ததே இல்லை. அவளுக்குக் கிடைத்தது பாதிக்குச் சற்று மேல், 'தயாரிப்புத் தரம்' என்ற கட்டத்தில் போயிற்று மீதி. அடுத்த தடவை அவளும் இடிச்சத்தம் தேடுவாள், வேறென்ன செய்வாள்.

இந்தத் தவறு ஒரு பாடத்தோடு நிற்பதில்லை. படிக்காமலே தப்பிக்கலாம் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அந்த வருடம் முழுக்க நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் தப்பிக்கும் வழியாகத்தான் பார்க்கப்படும். இப்போது இன்னும் மோசம், போஸ்டர் வேண்டும் என்றால் படம் உருவாக்கும் செயலி நொடிகளில் கொடுத்துவிடுகிறது.

அதனால் வேலையைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். பின்அட்டையை மட்டும் படித்த ஒருவரால் இதைச் செய்துவிட முடியுமா? முடியும் என்றால் அந்த வேலையைத் தூக்கிப் போடுங்கள், அல்லது இறுக்குங்கள்.

இறுக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. டிரெய்லர்தான் வேண்டுமென்றால் 60 விநாடி என்று வரையறுங்கள். திரையில் வரும் எழுத்து எல்லாமே நாவலின் வரிகளாக இருக்க வேண்டும், சொந்த விளம்பர வாசகம் ஒன்றுகூடக் கூடாது. ஒவ்வொரு காட்சிக்கும் பக்க எண் வேண்டும். கூடவே, எந்தக் காட்சியைக் காட்டக்கூடாது என்று முடிவு செய்தீர்கள், ஏன் என்று அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தைத்தான் நான் முதலில் படிப்பேன், முடிவைக் கெடுக்காமல் எதைக் காட்டலாம் என்று யோசிக்க முடிவு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

காமிக்ஸ் என்றால் முழுக் கதையையும் கொடுக்காதீர்கள். மூன்று பக்கமுள்ள ஒரு காட்சியை ஆறு கட்டங்களில் வரையச் சொல்லுங்கள். எதை விடுவது என்று அவர்கள் அடித்துக்கொள்ளும் சண்டைதான் பாடம். தன்மையில், அதாவது 'நான்' என்று சொல்லப்படும் நாவலாக இருந்தால் இன்னும் நல்லது. கதை சொல்பவளின் முகத்தைக் கட்டத்தில் வரைவதா, அவள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைவதா? யார் கண்ணால் கதை சொல்லப்படுகிறது என்பதை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியபோதெல்லாம் தலையாட்டியவர்கள், பென்சிலைக் கையில் எடுத்ததும்தான் உண்மையில் திணறினார்கள். திணறட்டும், உடனே உதவிக்குப் போகாதீர்கள்.

பாட்டுப் பட்டியலும் அப்படித்தான். "இந்தக் கதாபாத்திரத்துக்குப் பிடித்த ஐந்து பாடல்" என்றால் அது மாணவருக்குப் பிடித்த ஐந்து பாடலாகத்தான் வரும். கதை திரும்பும் ஒரு இடம், அங்கிருந்து நாவலின் ஒரு வரி, பாட்டிலிருந்து ஒரு வரி, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று கேளுங்கள். முரண்படும் இடத்தைக் கட்டாயமாக்குங்கள், இல்லாவிட்டால் "இரண்டும் சோகமாக இருக்கின்றன" என்று முடித்துவிடுவார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 20க்கு 15 நாவலிலிருந்து எடுத்துக்காட்டியதற்கும் தேர்வு செய்த காரணத்துக்கும், மீதி 5 தெளிவாகக் கேட்கிறதா, தெரிகிறதா என்பதற்கு. இசை, எஃபெக்ட் எதற்கும் தனியாகக் கிடையாது. வீட்டில் நல்ல போனும் லேப்டாப்பும் இருப்பதற்கு நாம் ஏன் மதிப்பெண் போட வேண்டும்? இந்தப் பங்கீட்டை வேலை கொடுக்கும் நாளிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். முதல் பீரியட் முழுக்கக் காகிதம், பென்சில், புத்தகம் மட்டும். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒரு நாவலுக்கு ஏழு ஊடகம்

இரண்டு போதும்.

ஆடியோவைப் போட்டுவிட்டு ஓய்வெடுப்பது

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 சொற்கள் உள்ள நாவலை நிமிடத்துக்கு 150 சொல் வேகத்தில் வாசித்தால் ஐந்தரை மணி நேரம் ஆகும், 40 நிமிடப் பீரியட் என்றால் எட்டுக்கு மேல். அவ்வளவு நேரம் எந்த வகுப்பும் காதைக் கொடுக்காது. முதல் அத்தியாயத்துக்குப் போடுங்கள், குரல் மனதில் பதிந்துவிட்டால் மௌனமாகப் படிக்கும்போதும் அது கூடவே வரும். அப்புறம் உரையாடல் கனமாக வரும் இடத்துக்கு, கையில் புத்தகம் திறந்திருக்க. வாசிப்பில் திணறுகிறவர்களுக்கு முழுப் பதிவும் தேவைப்படும். அவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள், அதை வகுப்பில் அறிவிக்க வேண்டியதில்லை.

கதாபாத்திரத்துக்குச் சமூக ஊடகக் கணக்கு

போலிக் கணக்கை உண்மையான தளத்தில் திறக்க வைக்காதீர்கள், காகிதத்தில் வரையலாம். மற்றபடி இந்த வேலை இரண்டே கேள்வியில் நிற்கும்: இவள் எல்லாருக்கும் தெரியும்படி என்ன போடுவாள், எழுதிவிட்டு அழித்தது என்ன?

கதாபாத்திரமாக நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது

நல்ல பயிற்சி. ஆனால் இளையோர் நாவல்களில் வருவது என்ன என்று நமக்குத் தெரியும்: கேலிக்கொடுமை, வீட்டில் அடி, மரணம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது. பாதிக்கப்பட்டவளாக ஒரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து முப்பது பேர் சுற்றிநின்று "நீ ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி அந்த அறையில் வேறு யாருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. கொடுமை செய்தவனாக ஒரு பையனை உட்கார வைத்தாலும் சிக்கல்தான், அந்தப் பெயர் வருடக் கடைசி வரை அவனுக்கு ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் நிற்கும் ஆட்களை உட்கார வையுங்கள்: பார்த்துக்கொண்டிருந்த நண்பன், எதிர்வீட்டுக்காரர், நூலகர். "நீ என்ன பார்த்தாய், எப்போது தெரிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்" என்று கேட்டால் பதிலுக்குப் புத்தகத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும். யாருக்கும் விருப்பமில்லை என்றால் நீங்களே உட்காருங்கள், கேள்விகளை அவர்கள் தயாரிக்கட்டும்.

முடித்ததை இணையத்தில் ஏற்றுவது

பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் இல்லாமல் ஒரு முகமும் ஒரு குரலும் வெளியே போகக் கூடாது. வகுப்புக்குள் போட்டுக் காட்டினாலே போதும்.