பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும்

பன்னிரண்டு வருடம் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுக்கு நான் முதலில் வாங்கியது பெயிண்ட். தப்பு. கூரையிலிருந்து தொடங்குங்கள். நல்ல மழையில் டார்ச்சோடு உள்ளே நின்றால், எங்கே ஒழுகுகிறது என்று வீடே காட்டிக்கொடுத்துவிடும். அதை அடைத்துவிட்டு, சுவர் காயும்வரை பொறுங்கள், மாதக்கணக்கில் ஆகலாம்.

சுண்ணாம்புச் சுவர் என்றால் சிமெண்ட் பூசவே பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். எங்கள் கூடத்தில் அப்படித்தான் ஆனது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசினோம்.

கதவு மரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கும் இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டால் போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் முகக்கவசம் போட்டு ஈரம் தொட்டுத் தேயுங்கள். அப்புறம் ஆளிவிதை எண்ணெய்.

அண்ணன் ஆணியால் கீறிய கிரிக்கெட் ஸ்கோர் இருந்த கதவுப் பலகையை மட்டும் நான் தேய்க்கவில்லை.