கோல்ட் ஏர் இன்டேக்: மாட்டுவதற்கு முன்னும் பின்னும் என்ன அளக்க வேண்டும்?

கோல்ட் ஏர் இன்டேக் என்பது எஞ்சினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றை இழுத்துத் தருவதற்கான ஃபில்டரும் குழாயும் சேர்ந்த கிட். அதன் பெட்டியில் போட்டிருக்கும் குதிரைத்திறன் கணக்கை ஓரமாக வையுங்கள். டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் காரில் இன்டேக் மட்டும் மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். சில கார்களில் அதுவும் கிடைக்காது. உங்கள் காரில் கிடைக்குமா என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

1. முதலில் பழைய இன்டேக்கோடு அளவெடுங்கள்

காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகி லைவ் டேட்டாவைப் பதிவு செய்யும் ஓபிடி2 அடாப்டரும் ஒரு ஆப்பும் போதும். எர்ரர் கோடு மட்டும் காட்டும் கருவி இதற்கு உதவாது. ஆர்பிஎம், ஐஏடி எனப்படும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, மேனிஃபோல்ட் அழுத்தம் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்க்குள் உள்ள அழுத்தம்), ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் ஈசியு, அதாவது எஞ்சின் கணினி, செய்யும் சதவீதத் திருத்தம்) ஆகியவற்றைப் பதிவில் போடுங்கள்.

எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேனிஃபோல்ட் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். 100 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். பிறகு டைனோவிலோ (பவரை அளக்கும் உருளை மேடை) மூடிய டிராக்கிலோ மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ரெட்லைன் (அனுமதிக்கப்பட்ட உச்ச ஆர்பிஎம்) அருகே வரை இழுங்கள். அங்கே 98 காட்டினால், ஃபில்டர், குழாய், த்ராட்டில் பாடி (ஆக்ஸிலரேட்டருக்கேற்பத் திறக்கும் காற்று வால்வு) எல்லாம் சேர்ந்து தடுப்பதே 2 கிலோபாஸ்கல்தான். என்ன மாட்டினாலும் அதற்கு மேல் மிச்சம் பிடிக்க முடியாது. 93, 94 என்று இறங்கினால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் முதலில் ஒரு புது ஸ்டாக் (கம்பெனி தரும் வகை) ஃபில்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். பல நேரம் கதை அதோடு முடிந்துவிடும்.

அடுத்தது ஐஏடி. 60 டிகிரி காற்றை விட 35 டிகிரி காற்று சுமார் 8 சதவீதம் அடர்த்தி அதிகம். ஆனால் வண்டி ஓடும்போது ஸ்டாக் ஐஏடி வெளி வெப்பநிலையை விட 5 முதல் 10 டிகிரிதான் கூட இருக்கிறது என்றால், கம்பெனி கொடுத்த பெட்டியே ஏற்கெனவே குளிர்ந்த காற்றைத்தான் இழுக்கிறது. அதற்குப் பிறகும் மாற்றுவது சத்தத்துக்காக. அதில் தப்பில்லை, ஆனால் அதைப் பவர் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

2. எந்த வகை?

எஞ்சின் பேயில் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர் ரேடியேட்டர் கக்கும் சூட்டைத்தான் குடிக்கும். பெயர் கோல்ட், வேலை ஹாட். பானெட்டோடு சீல் ஆகும் மூடிய பெட்டி உள்ள கிட்டை வாங்குங்கள். ஃபில்டர் ட்ரை வகையாக இருக்கட்டும். எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டரில் கை கொஞ்சம் தாராளமானால் அந்த எண்ணெய், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

3. மாஃப் குழாய்: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

மாஃப் சென்சார் காற்று முழுவதையும் அளப்பதில்லை. தன் கம்பியைத் தாண்டும் காற்றின் வேகத்தை வைத்து, குழாயின் விட்டம் இதுதான் என்ற நம்பிக்கையில் ஈசியு கணக்குப் போடுகிறது. ஸ்டாக் குழாயின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், புதியது 76 என்றால் பரப்பு 18 சதவீதம் கூடும், வேகம் குறையும். 100 கிராம் காற்று போனாலும் ஈசியு 85 கிராம் என்றே நினைக்கும். பெட்ரோலும் 85-க்குத்தான் விடும். ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமே கிட்டத்தட்ட 3 சதவீதம்.

மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து ட்ரிம்மில் சரிசெய்துவிடும். முழு ஆக்ஸிலரேட்டரில் பல கார்கள் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டுவிடும். கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இருக்காது. லோடு குறைவு என்று நம்பி ஈசியு இக்னிஷனையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) முன்னுக்குத் தள்ளும். ஸ்டாக் ட்யூன் (ஈசியுவில் கம்பெனி வைத்த அமைப்பு) பொதுவாக ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) இருப்பதால், கொஞ்சம் லீன் ஆனதுமே டைனோவில் பவர் கூடித் தெரியும்! அது குழாய் கொடுத்த பவர் இல்லை. நாக்கிங்குக்கு (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) எதிராக இருந்த பாதுகாப்பு இடைவெளியைச் சுரண்டி எடுத்தது.

அதனால் கிட் கைக்கு வந்ததும் வெர்னியர் காலிப்பரால் இரண்டு குழாய்களின் உள்விட்டத்தையும் அளந்துவிடுங்கள். டேப் இதற்கு ஆகாது. வித்தியாசம் இருந்தால் ஈசியுவை மறுபடி ட்யூன் செய்யாமல் மாட்டாதீர்கள். ஸ்டாக் குழாயில் சென்சாருக்கு முன்னால் தேன்கூடு வலை இருந்து புதியதில் இல்லாவிட்டாலும் ஐடிலிங் தடுமாறலாம். வளைவை ஒட்டியே சென்சார் உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

4. மாட்டுவது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பழைய பெட்டியை எடுத்ததும் த்ராட்டில் பாடி வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். மாஃப் சென்சாரை டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட்டால் கழற்றி, ஓ-ரிங்கைப் பார்த்து, அம்புக்குறி எஞ்சின் பக்கம் காட்டும்படி மாட்டுங்கள். கம்பியில் விரல் படக்கூடாது. சுத்தம் செய்ய மாஃப் க்ளீனர் மட்டும், பிரேக் க்ளீனர் வேண்டாம். எஞ்சினின் அடிப்பகுதிக்குக் காற்றோட்டம் தரும் பிசிவி ப்ரீதர் ஹோஸ் மாஃப்புக்குப் பின்னால் உள்ள முனையில்தான் சேர வேண்டும். கிளாம்ப்புகளை முதலில் தளர்வாகவே விட்டுக் குழாயைச் சரியாக உட்காரவைத்த பிறகு, நட் டிரைவரால் கையால் இறுக்குங்கள். இம்பாக்ட் கன்னைத் தொடவே வேண்டாம், சிலிகான் ஹோஸ் கிழியும். எஞ்சின் ஆக்ஸிலரேட்டருக்கு அசையும் என்பதால் குழாய்க்கும் பாடிக்கும் இடையே விரல் நுழையும் இடம் விடுங்கள்.

5. சரிபார்த்தல்

ஐடிலிங்கிலும் சீரான வேகத்திலும் லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் மைனஸ் 5-க்குள் இருந்தால் நிம்மதி. ஐடிலிங்கில் பிளஸ் 10-ஐத் தாண்டி, ஆர்பிஎம் ஏற ஏறக் குறைந்தால் மாஃப்புக்குப் பின்னால் காற்று கசிகிறது. எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே மாதிரி கூடியிருந்தால் குழாய் விட்டத்தைச் சந்தேகப்படுங்கள். பி0171 (கலவை லீன் என்ற எர்ரர்) கோடு வந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

முன்னும் பின்னும் ஒப்பிட மாஃப் காட்டும் கிராம் கணக்கு உதவாது. குழாய் மாறியதும் அந்த அளவுகோலே மாறிவிட்டது. அதே கியரில், அதே பாதையில், அதே திசையில் 3000-லிருந்து 6000 ஆர்பிஎம்முக்கு எத்தனை விநாடி என்று பதிவிலிருந்து எடுங்கள். இரண்டு நாளும் வெளி வெப்பநிலை 2, 3 டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். மேல் ஆர்பிஎம்மில் கூடி நடுவில் குறைந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஸ்டாக் குழாயின் நீளம் நடு ஆர்பிஎம் டார்க்குக்காக ட்யூன் செய்யப்பட்டிருக்கலாம்.

பின்சேர்க்கை

டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு: கம்ப்ரசரே காற்றைச் சூடாக்கி, இன்டர்கூலர் ஆற்றுவதால், நுழைவாயிலில் குறைக்கும் சில டிகிரியின் பலன் பெரிதாகத் தெரியாது. தடை குறைவதுதான் அங்கே லாபம். டர்போவின் உறிஞ்சும் சத்தம் இலவசம்.

ஃபெண்டருக்குள் தாழ்வாக ஃபில்டர் இறங்கும் கிட் என்றால், தேங்கிய தண்ணீரில் ஓட்டாதீர்கள். ஃபில்டர் முழுதாக மூழ்கினால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். அப்படி வண்டி நின்றுபோனால் ஸ்டார்ட்டரைத் திரும்ப அழுத்தாமல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்.