வெள்ளை கேன்வாஸ் மிரட்டுகிறதா?

புது ஓவியம் தொடங்கும்போது கை ஓடவில்லையா? முதலில் அந்த வெள்ளையை ஒழித்துக்கட்டுங்கள். பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு நிற அக்ரிலிக் பெயின்ட்டைக் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, அகலமான பிரஷ்ஷால் கேன்வாஸ் முழுக்க இழுத்துவிட்டு, பழைய துணியால் துடையுங்கள். திட்டுத்திட்டாக இருந்தால் இருக்கட்டும், பார்க்க அதுதான் அழகு. சீக்கிரமே காய்ந்துவிடும். ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட முறைதான், இம்ப்ரிமதுரா என்பார்கள். வெள்ளைமேல் வைக்கும் எந்த நிறமும் இருப்பதைவிட அடர்த்தியாகத் தெரியும். புதிதாக வரைபவர்கள் பயந்து பயந்து வெளிறிய நிறமாகவே தீட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். கீழே நடுத்தர நிறம் இருந்தால் வெளிச்சம், நிழல் இரண்டும் சரியாகப் பிடிபடும்.

இதன்மேல் ஆயில் பெயின்டும் தீட்டலாம், நன்றாகக் காய்ந்திருந்தால் போதும். ஆயில்மேல் அக்ரிலிக் மட்டும் வேண்டாம், உரிந்து வந்துவிடும்.

வாட்டர்கலருக்குக் கதை வேறு. அங்கே காகிதத்தின் வெள்ளைதான் வெளிச்சமே. மஞ்சள் ஓக்கரில் மிக மெல்லிய வாஷ், அதாவது நீர்த்த பூச்சு, ஒன்று போதும்.

அப்புறம், எடுத்த எடுப்பில் கண், மூக்கு என்று நுணுக்கத்தில் இறங்காதீர்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். பெரிய நிழல் எங்கே தெரிகிறதோ, அங்கே பெரிய பிரஷ்ஷை வையுங்கள்.