மூளை நரம்புப் பாதிப்புள்ள பிள்ளைகளின் தூக்கம்: முதலில் தாமதமாகப் படுக்க வைத்து, பிறகு நேரத்தை மெல்ல முன்னே கொண்டு வாருங்கள்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்திலிருந்து தெரபிக்கோ பரிசோதனைக்கோ திருவனந்தபுரம் போய் வரும் பிள்ளைகள், திரும்பும் பஸ்ஸில் மாலை 4, 5 மணிக்குத் தூங்கிவிடுகிறார்கள். இரவு 11 மணி வரை விழித்திருக்க அதுவே போதும். முடிந்தவரை காலை நேரத்து அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள்.

ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ (செரிபிரல் பால்சி) உள்ள பிள்ளையை 9 மணிக்கே படுக்க வைத்து இரண்டு மணி நேரம் போராடினால், படுக்கை என்றாலே அழுகை என்று பழகிவிடும். முதலில் ஒரு வாரம், உண்மையில் தூங்கும் நேரத்தைக் காலண்டரில் குறியுங்கள். சராசரி 11 என்றால் 11:30-க்குப் படுக்க வையுங்கள். கால் மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தூங்கினால், 15 நிமிடம் முன்னே கொண்டு வாருங்கள். காலையில் எழுப்பும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது. பெரும்பாலும் தவறுவது இதில்தான்.

வலிப்பு உள்ள பிள்ளைக்கு இதை டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். தூக்கம் குறைந்தால் வலிப்பு கூடும். இரவில் உடம்பு வெட்டி இழுத்தால் மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி.

திடீரென்று தூக்கம் கெட்டால் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், இடுப்பு வலி, குறட்டை ஆகியவற்றைப் பாருங்கள். பேச முடியாத பிள்ளை வலியை அழுதுதான் சொல்லும். கால்களை ஓயாமல் உதைத்தால் இரும்புச்சத்துக்கான ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தூக்கத்துக்கான மெலடோனின் மாத்திரையை நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.